முக்குக் கட்டடத்து மனு

"எழுதுன கை விளங்காமப் போகணும்! அவன் வீட்டுக் கூரை அவன் தலையிலேயே விழணும்!"

மூக்கன் விட்ட சாபத்தில், சிக்னலில் நின்ற ஆலங்குடி பஸ்ஸின் ஜன்னலோரப் பயணிகள்கூட எட்டிப் பார்த்தார்கள். அறுபது வயது மனிதருக்கு இவ்வளவு குரல் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். புதுக்கோட்டையில் நாலு பக்கமும் பஸ்ஸும் லாரியும் முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சந்திப்பில், 1957-இல் கட்டிய மூன்று மாடி ஆபீஸ் வளாகம் இருக்கிறது. ஊரில் அதற்குப் பெயர் முக்குக் கட்டடம். எவனோ ஒருவன் 'கட்டடம் ஆபத்து' என்று மனு போட, அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட உத்தரவாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும்.

மாடி ஆபீஸ்களுக்கெல்லாம் வேறு இடம் கிடைத்துவிட்டது. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், 'மனு எழுதப்படும் - மூக்கன்' என்ற பலகையோடு இருபத்தேழு வருஷமாகப் பிழைக்கும் மூக்கனுக்குத்தான் போக்கிடம் இல்லை. கறம்பக்குடியிலிருந்து வருகிறவர்கூட 'படிக்கட்டு மூக்கன் எங்கிட்டு இருக்காரு?' என்றுதான் கேட்பார். படிக்கட்டே போய்விட்டால் வெறும் மூக்கனை யார் தேடப் போகிறார்கள்?

வாசலில் வரப்போகும் கட்டடத்தின் படத்தைப் பெரிய பேனராகக் கட்டியிருந்தார்கள். எட்டு மாடி, முழுக்கக் கண்ணாடி. கார் நிறுத்த இடம் இருந்தது, காபி குடிக்க இடம் இருந்தது, இந்த ஊர் வெயிலில் கோட்டு சூட்டோடு நாயைப் பிடித்துக்கொண்டு உலாவவும் இடம் இருந்தது. ஒரு ஸ்டூல் போட மட்டும் இடமில்லை.

உத்தரவை எதிர்த்து மூக்கன் மூன்று மனு அனுப்பியிருந்தார். அதில் கீழ்த்தளத்து நாலு பேர் பிழைப்பு 'நானூறு குடும்பங்களின் வாழ்வாதாரம்' ஆகியிருந்தது. வழக்கம்போல் ஒன்றுக்கும் பதில் இல்லை.

"அண்ணே, சாபத்த அப்பறமா விடுங்க. ஆளு காத்துக் கெடக்காருல்ல" என்றாள் பக்கத்து ஜெராக்ஸ் கடை ஷீபா.

தலைக்கு மேல் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளில் ஒழுகித் தேங்கிய மழைத் தண்ணீரைக் குச்சியால் தள்ளிவிட்டு மூக்கன் உட்கார்ந்தார். எதிரே ஆலங்குடிக்காரர் அடைக்கலம்.

"வீட்டு முன்னாடி கரண்டுக் கம்பம் லேசா சாஞ்சிருக்குங்க."

மூக்கன் எழுதியதை வாய்விட்டுச் சொன்னார். "உயிர்ப்பலி வாங்கக் காத்திருக்கும் மின்கம்பம்..."

"ஐயையோ, அம்புட்டுக்கு இல்லீங்களே!"

"நீங்க சும்மா இருங்க. ஒண்ணு வேணும்னா பத்தா எழுதணும். அப்பத்தான் அதுல ஒண்ணாச்சும் நடக்கும். இருவத்தேழு வருஷ சர்வீஸ்ல சொல்றேன்."

அந்த சர்வீஸில் எத்தனை மனுவுக்கு நடவடிக்கை வந்தது என்று அடைக்கலம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூக்கன் டீ குடிக்கப் போயிருப்பார்.

அப்போது ஒரு தடித்த ஃபைலோடு உதவிப் பொறியாளர் இளமதி வந்தாள். ஊருக்கு மாற்றலாகி வந்தே பத்து நாள்தான் ஆகிறது. யார் யார் இன்னும் காலி செய்யவில்லை என்று பார்க்க வந்தவளை மூக்கன் எழுந்து பிடித்துக்கொண்டார்.

"மேடம், இந்தக் கட்டடம் இன்னும் நூறு வருஷம் நிக்கும். எவனோ வேலவெட்டி இல்லாம எழுதுனத நம்பி, எங்க பொழப்புல மண்ணப் போடுறீங்களே, நியாயமா?"

"சும்மா நம்பலைங்கய்யா. அந்த மனு வந்து, ஆளுக அளந்து பாத்து, ரெண்டு வருஷம் டேபிள் டேபிளா ஏறி எறங்கி வந்த ஆர்டருங்க இது."

"அப்படி என்னதான் எழுதியிருக்கான்? வாசிங்க மேடம், எல்லாரும் கேக்கட்டும்!"

இளமதி ஃபைலின் அடியிலிருந்து ஒரு தாளை உருவினாள். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"'ஐயா, மேற்படி கட்டடம் வெறும் எலும்புக்கூடாக நிற்கிறது...'"

"பச்சப் புளுகு! பாருங்கய்யா, கல்லாட்டம் இருக்கு!" மூக்கன் பக்கத்துத் தூணை ஓங்கித் தட்டினார். தூண் மரியாதையாக நின்றது.

"'மேற்கூரை எந்த நேரமும் இடிந்து விழக்கூடும்...'"

"கூசாம எழுதியிருக்கான் பாருங்க. சோத்துக்கு உப்புப் போட்டுத் திங்கிறவன் இப்படி எழுதுவானா?"

"அதானே!" என்றாள் ஷீபா.

"'ஆகவே, உயிர்ப்பலி வாங்கக் காத்திருக்கும் இக்கட்டடத்தின் மீது...'"

தூணைத் தட்டப்போன கை அப்படியே நின்றது. அடைக்கலம் தன் மனுவை ஒருமுறை குனிந்து பார்த்தார்.

இளமதி மேலே வாசிக்கவில்லை. தாளின் அடியில் இருந்த பெயரைப் பார்த்தாள், மேஜை மேல் இருந்த பலகையைப் பார்த்தாள். பிறகு தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பிளாஸ்டிக் தாளின் ஓட்டை வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் அதன்மேல் விழுந்தது.

மூக்கன் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். இருபத்தேழு வருஷத்தில் முதல்முறையாக அவர் எழுதிய மனு ஒன்று ஜெயித்திருந்தது. அவருக்கு அழுகை வந்தது.

"தலையில ஒழுகுதேன்னு ஒரு சட்டி சிமெண்டுதாம்மா கேட்டேன்!"