சுண்ணாம்பு வெந்த இடம்

“கடலுக்கடியில சுறாவைப் பாத்தாலும் அசைய மாட்டாவ. வாயில ஒரு வெள்ளைத் திட்டு, அதுக்கு ஆசுபத்திரி பெஞ்சுல வந்து உக்காந்திருக்காவ பாருங்க.”

பிலோமினா பக்கத்திலிருந்த பெண்களிடம் சொன்னாள். அவள் கணவன் இஞ்ஞாசி, தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவன், தரையைப் பார்த்தபடி இருந்தான். கன்னத்தின் உட்பக்கம் வெளுத்திருக்கிறது, புற்றுநோயாக இருக்குமோ என்று பயமாயிருக்கிறது என அவன் முந்தின நாள் சொன்னதிலிருந்து இதே கேலிதான். வாயைத் திறந்து காட்டச் சொல்லக்கூட அவள் மெனக்கெடவில்லை. வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சுண்ணாம்பு வேகாதா என்ன? டாக்டர் அவனைத் திட்டி அனுப்புவதைத் தன் காதால் கேட்க வேண்டும் என்றே கூட வந்திருந்தாள்.

உள்ளே டாக்டரம்மா அவன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“சுண்ணாம்பு வெந்ததுதானம்மா?” என்றாள் பிலோமினா.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். சுண்ணாம்பு வெந்தால் எரியும், பத்து நாளில் ஆறிவிடும். மாதக்கணக்கில் ஆறாமல், துடைத்தாலும் போகாமல் நிற்கும் வெள்ளை வேறு. நங்கூரக் கயிறு இழுத்து உள்ளங்கை காய்த்துப்போவதுபோல, புகையிலையை அதக்கும் இடத்தில் கன்னம் தடித்துவிடுகிறது. புகையிலையை விட்டால் பல திட்டுகள் மறைந்தே போகும். சிலது மட்டும் புற்றாக மாறும். எது மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. துளி சதை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும்.

“வலிக்கலையேன்னு விட்டுடறாங்க. வலிக்க ஆரம்பிச்ச பிறகு வந்தா எங்களால ஒண்ணும் செய்ய முடியறதில்ல.”

பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்தது. வெற்றிலைக்குப் பயந்தால் இந்தக் கடற்கரையில் ஒரு ஆள் மிஞ்சுமா என்று கேட்டாள். படித்தவர்கள் இப்படித்தான், நன்றாக இருப்பவனையும் படுக்க வைத்துவிடுவார்கள் என்றும் சொன்னாள்.

“எனக்குந்தான் இருக்கு. போன மாதா கோயில் திருவிழாவுலேர்ந்து இருக்கு. காரமா மீன் குழம்பு வச்சுத் திங்கேன், ஒரு எரிச்சல் கிடையாது. நான் என்ன செத்தா போனேன்? இந்தா, பாத்துக்கிடுங்க.”

வாயை அகலத் திறந்தாள்.

டாக்டரம்மா டார்ச்சைப் பிடித்தார். பஞ்சால் அந்த வெள்ளையைத் துடைத்துப் பார்த்தார். அது போகவில்லை. சதை எடுப்பதற்கு வேண்டியதைக் கொண்டுவரச் சொல்லி நர்ஸை அனுப்பிவிட்டு, இஞ்ஞாசியின் பக்கம் திரும்பினார்.

“போன வாரம் தனியா வந்து உங்க சம்சாரத்தோட வாயைப் பத்திச் சொன்னீங்களே, அந்த வெள்ளை இதுதான். இன்னும் சின்னதாத்தான் இருக்கு. ‘வைத்தியத்துக்குக் கூப்பிட்டா வரமாட்டா, என்னைக் கேலி பண்ணன்னா வருவா’ன்னு சொன்னீங்க. உங்க வாயில ஒண்ணுமே இல்லாம நல்லாத்தான் நடிச்சிருக்கீங்க.”