மேல்வீட்டுக் குழாய்

கூரையைத் துளைத்து இறங்கும் வெந்நீர்க் குழாயின் மேல் சிவப்பாக ஒரு சொட்டு வழுக்கி வந்து, புதுக் கட்டிலின் விரிப்பில் விழுந்தது. அடுத்தது விழுவதற்குள் யாச்சின் கட்டிலை இழுத்துவிட்டாள்.

"பாத்தியா? பண்ணிட்டான் பாரு அந்த மேல்வீட்டுக் கிழம்!"

கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த புருஷன் தெஷெங் ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார். "ரத்தம் மாதிரி இருக்கே..."

"ரத்தமாம் ரத்தம்! சாயத் தண்ணிய்யா. ஹார்பின்லயே பொறந்து வளந்துட்டு இது தெரியாதா ஒனக்கு?"

தெரியாமல் என்ன? வீட்டைச் சூடாக்க ஓடும் வெந்நீரைக் குழாயிலிருந்து திருட்டுத்தனமாகப் பிடித்துத் துணி துவைக்கிறார்கள் என்று, வெந்நீர் விடும் கம்பெனிக்காரர்கள் அதில் சாயம் கலந்து விடுவது வழக்கம். போன குளிர்காலத்தில் எதிர்வீட்டுக் குவான் அக்காவின் வெள்ளைப் போர்வை ரோஜா நிறத்தில் கொடியில் தொங்க, ஐந்து மாடியும் சிரித்தது. இந்த அறைச் சுவரிலும் அப்போது மேலிருந்து ஒழுகிச் சிவப்புக் கோடு விழுந்தது. இப்போதுதான் மகன் கல்யாணத்துக்காக வெள்ளையடித்திருந்தார்கள்.

மேல்வீட்டுத் தோங் தனிக்கட்டை. மலிவாக வந்தான் என்று தெருமுனையில் 'குழாய் வேலை' என்று அட்டை மாட்டி உட்கார்ந்திருந்த ஒருவனைக் கூட்டிவந்து குழாய் மாற்றினார். அவன் இணைப்பைச் சரியாக முறுக்காமல், தரையில் கொத்திய ஓட்டையில் பழைய செய்தித்தாளைத் திணித்துவிட்டுப் போய்விட்டான்.

நேற்றுத்தான் யாச்சின் படியேறிப் போய் ஆடித் தீர்த்துவிட்டு வந்தாள். "நாளைக்கு மத்தியானம் பொண்ணு வீட்டுக்காரங்க ரூம் பாக்க வராங்க. ஒரு சொட்டு விழுந்து எம் புள்ள கல்யாணம் நின்னுது, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

"காலைல மொத வேலையா நானே உக்காந்து முறுக்கிடறேம்மா" என்று கும்பிட்டார் கிழவர். முறுக்கிய லட்சணம் இதுதான்.

"நான் வேணா மேல போய் பாத்துட்டு வரட்டா? காலைல தடால்னு ஒரு சத்தம் கேட்டுச்சே" என்றார் தெஷெங்.

"ஒண்ணும் போக வேணாம். கோவத்துல எதையாவது தூக்கிப் போட்டிருப்பான். நீ கம்பெனிக்கு போன் பண்ணு. ஆள் வந்து பாத்து எழுதிக்கிட்டுப் போகட்டும். அப்பதான் கிழத்துக்குப் புத்தி வரும்."

அப்போது குழாய் பேசியது. டங், டங், டங்.

அந்தக் கட்டடத்தில் சின்னச் சண்டைக்கெல்லாம் யாரும் படியேறிப் போவதில்லை. குழாயைத் தட்டினால் மேலும் கீழும் கேட்கும். திட்டும் பதில் திட்டும் அதிலேயே முடிந்துவிடும்.

"ஒழுக விட்டுட்டு, தட்ட வேற செய்றியா?" யாச்சின் மாவு தேய்க்கும் உருளையை எடுத்து வந்து குழாயில் நாலு போடு போட்டாள். மேலிருந்து மறுபடி மூன்று. இவள் ஆறு.

சத்தம் கேட்டுக் குவான் அக்கா வந்தாள், விருந்துக்கு யாச்சின் இரவல் கேட்டிருந்த சாப்பாட்டுத் தட்டுகளோடு. "என்ன யாச்சின், நல்ல நாளும் அதுவுமா?"

"எல்லாம் அந்தத் தோங்தான். ஆமா, இதென்ன உங்க விரலெல்லாம் பச்சையா?"

"பூண்டுத்தாள் ஆஞ்சேன்டி" என்று கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள் குவான். தட்டுகளை வைத்துவிட்டு நிற்காமல் போனாள்.

குழாய் மறுபடி டங் என்றது. நெடுநேரம் கழித்து இன்னொரு டங், சுரத்தே இல்லாமல்.

"யாச்சின், பாவம்டி. ஒரு எட்டு பாத்துட்டு..."

"அந்த வாசப்படியத் தாண்டினே, இன்னிக்கு ஒனக்குச் சோறு கிடையாது."

உருளை இற்றுப்போகும் அளவுக்கு ஓங்கி ஓங்கி அடித்தாள். மேலே ஒரு சத்தமும் இல்லை. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அடிமேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்னு சும்மாவா சொன்னாங்க? அடங்கிட்டான் பாரு."

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. விரிப்பை மாற்றினாள். சொட்டு தெறித்துச் சுவரில் கறை பட்ட இடத்தில் கல்யாணச் சிவப்புக் காகிதத்தை ஒட்டினாள். குழாய்க்கு அடியில் வெந்நீர் பிளாஸ்க் இரண்டை வைத்து, பின்னால் ஒரு கிண்ணத்தை ஒளித்தாள். சொட்டு அதில் விழுந்துகொண்டிருந்தது.

பெண் வீட்டார் வந்தார்கள். புளித்த முட்டைக்கோஸ் வைத்த கொழுக்கட்டையை மூன்று தட்டு காலி செய்தார்கள். பெண்ணின் அம்மா அறையைச் சுற்றிப் பார்த்து, சுவரைத் தடவி, "வெதுவெதுன்னு இருக்கு. எம் பொண்ணு இங்க குளிர்ல நடுங்க மாட்டா" என்றாள். யாச்சினுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவர்கள் படியிறங்கும்போதுதான் கம்பெனி ஆள் கருவிப் பையோடு எதிரே ஏறி வந்தான்.

"வாங்க தம்பி, வந்து பாருங்க. கிழவன் பண்ணின அநியாயத்த அப்படியே எழுதிக்கோங்க." யாச்சின் பிளாஸ்க்குகளை நகர்த்திக் கிண்ணத்தைக் காட்டினாள்.

அவன் குனிந்து, விரலால் தொட்டு எடுத்தான். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தான். அப்புறம் மூக்கருகே கொண்டுபோனான்.

"என்ன தம்பி பாக்கறீங்க? ஒங்க கம்பெனி சாயந்தானே?"

அவன் அண்ணாந்து, குழாய் இறங்கும் ஓட்டையைப் பார்த்தான்.

"அக்கா, இந்த வருஷம் நாங்க கலந்தது பச்சைச் சாயம்."