உறுப்பினர் இருக்கையில் இல்லை

"டெல்லி கேண்டீன்ல தோசை நல்லா இருக்குமா ஐயா?"

நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குள் காலெடுத்து வைத்த எம்.பி. பலராமனுக்குக் கிடைத்த வரவேற்பு இது. கேட்டவர் சொல்தா அமலநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர், யாரையும் எதையும் கேட்பார்.

ரயிலில் வந்த அசதி பலராமன் முகத்தில் அப்படியே இருந்தது.

விஷயம் ஊருக்கே தெரியும். மீன் விற்கும் லூர்துசெல்வியின் புருஷன் மிக்கேல் பிழைக்கப் போன சைகோனில் மாட்டிக்கொண்டிருந்தான். அங்கே சண்டை ஓய்ந்து மூன்று வருஷம் ஆகியும் ஊர் திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. பிரெஞ்சுக் குடிமகனாக எழுதிக் கொடுத்தவர்களைப் பாரீஸ்காரன் விமானம் வைத்து அழைத்துப் போய்விட்டான். மிக்கேல் இந்தியனாகவே இருந்துவிட்டவன். அவனை இந்திய சர்க்கார்தான் பேசி மீட்க வேண்டும். பேசினார்களா, தூங்கினார்களா என்று யாருக்கும் தெரியாது.

அதைத்தான் பலராமன் நாடாளுமன்றத்தில் கேட்பதாக இருந்தது. கேள்வி அச்சாகி, வெளியுறவு மந்திரி பதில் சொல்ல நாளும் குறித்தாகிவிட்டது. அன்றைக்குச் சபாநாயகர் பேரைக் கூப்பிட்டபோது ஆள் இருக்கையில் இல்லை. கேட்டவர் இல்லையென்றால் மந்திரியை யாரும் மடக்கப் போவதில்லை. 'அரசு கவனித்து வருகிறது' என்று ஒற்றை வரியை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் உறுப்பினர் கேண்டீனில் தோசை தின்றுகொண்டிருந்ததைப் பேப்பர்காரன் ஒருவன் பார்த்து எழுதியும் விட்டான்.

"வயிறு சரியில்ல, அதான்..." என்று இழுத்தார் பலராமன்.

"வயிறு சரியில்லாதவன் தோசையா துன்னுவான்?" என்றாள் லூர்துசெல்வி.

அவள் மீன் கூடையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள்.

"எம்புருஷன் உசுரோட இருக்கானா இல்லையான்னு கேக்கத்தான உன்ன அனுப்பினோம்? ஒரு வார்த்த எழுந்து நின்னு கேக்க முடியல, ஒனக்கு எதுக்குய்யா வெள்ள வேட்டி?"

"அம்மா, அடுத்த கூட்டத்துல..."

"அடுத்த கூட்டம் வரைக்கும் நான் தாலிய அவுக்கறதா, கட்டிக்கறதா?"

சொன்னவள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் மேல் தூற்றினாள். மண்ணை வாரித் தூற்றுவது சாமானியச் சாபம் இல்லை. அமலநாதனே ஒரு அடி பின்னால் போனார். பலராமன் சட்டையைக்கூடத் தட்டிவிடாமல் வந்த வழியே திரும்பிப் போனார். ஒருத்தருக்கும் அவர் மேல் பரிதாபம் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் லூர்துசெல்வி மாதா கோயிலுக்குப் போனாள். பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் உட்கார்ந்திருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டாள்.

"ஒருத்தர வாயில வந்தபடி திட்டிட்டேன் சாமி. மண்ண வாரித் தூத்திட்டேன்."

சாமியாருக்கு அது யார் என்று தெரியாதா என்ன?

"கேள்விப்பட்டேன். மண்ணு தப்பு. திட்டினத நான் தப்புன்னு சொல்ல மாட்டேம்மா. நானே போன வாரம் பிரசங்கத்துல பேர் சொல்லாம ரெண்டு வார்த்த சொன்னேன்."

"அய்யோ சாமி, அவர் மேல தப்பே இல்ல."

"என்னம்மா சொல்ற?"

"கேள்விக்கு மொத நாளு அவர் பொஞ்சாதி மீன் வாங்கற சாக்குல வந்து காதோட சொல்லிட்டுப் போச்சு. மிக்கேல விடறதுக்கு அந்த ஊர்க்காரங்க ஒத்துக்கிட்டாங்களாம், கையெழுத்துதான் பாக்கியாம். இப்ப சபையில எழுந்து மடக்கிக் கேட்டு, மந்திரி எல்லாத்தையும் சொல்லும்படி ஆச்சுன்னா, ஊரறிய மானத்த வாங்கிட்டீங்கன்னு அவங்க முறுக்கிக்குவாங்களாம். மந்திரியே அவரக் கூப்பிட்டுச் சொன்னாராம்."

சாமியார் திரைப் பக்கமாகச் சாய்ந்தார்.

"அப்ப கேள்விய வாபஸ் வாங்கியிருக்கலாமே?"

"வாபஸ் வாங்கினா எதுக்குன்னு நோண்டுவாங்களாம். தோச துன்னப் போயிட்டான்னா யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டாங்களாம்."

"சரி, நீ ஏம்மா திட்டின?"

"நான் வாய மூடிக்கிட்டு இருந்தா ஊரு சும்மா இருக்குமா? இவளுக்கு என்னமோ தெரியும்னு மோப்பம் புடிப்பாங்க. அதான் நாலு பேர் பாக்கத் தன்னத் திட்டச் சொல்லி அந்த அம்மாகிட்ட சொல்லி அனுப்பினாரு. மண்ண வார அவர் சொல்லல சாமி. அது நானா செஞ்சது. மூணு வருஷமா யார் மேல போடறதுன்னு தெரியாம வெச்சிருந்தேன். எதுத்தாப்ல அவர் நின்னாரு."

அழுகைகூட வராத அளவுக்கு அவள் களைத்துப் போயிருந்தாள்.

"எலெக்‌ஷன் வந்தா இந்தத் தோசையே அவரத் தோக்கடிச்சுடுமேம்மா."

"அத நானும் கேட்டேன். தோத்தா வீட்டோட இருந்து தூங்கட்டும், அவருக்கும் அலுத்துப் போச்சுன்னு சொல்லிச்சு அந்த அம்மா. உங்களாண்ட சொன்னா வெளியில போவாதுன்னுதான் சொல்றேன்."

"போகாது." தான் பிரசங்கத்தில் பேசியதை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அவர் குரல் இறங்கியிருந்தது. பாவமன்னிப்புச் சொல்லிக் கையைத் தூக்கிச் சிலுவை வரைந்தார். "போயிட்டு வாம்மா."

லூர்துசெல்வி எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு சாமி. மிக்கேல் வந்து எறங்கற வரைக்கும் அவர நான் திட்டிக்கிட்டுத்தான் இருக்கணும். இனிமே திட்டப் போறதுக்கும் சேத்து இப்பவே மன்னிப்புக் குடுத்துடுங்க."