ஐந்தும் ஏழும்

"சாவியை நீங்களே திருப்புங்க மாமா. உங்க வண்டி."

"என் வண்டியா? பாதி உன் வேர்வை. நீ உக்காரு மாப்ளே."

"நீங்க இருக்கறப்ப நான் எப்படி?"

சாவி இருவர் கைக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. கராஜ் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு மெர்லுக்குப் பொறுமை போய்விட்டது.

"யாராவது ஒருத்தர் திருப்பித் தொலைங்கப்பா! 'எப்ப ஓடும்'னு நான் கேக்க ஆரம்பிச்சப்ப எனக்குத் தலை நிறைய முடி இருந்துச்சு."

மாமனார் எல்வுட்டுக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷத்து கார் அது. டொலீடோ நகருக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்தபோது தரையெல்லாம் ஓட்டை. சீட்டுக்குள் எலிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. எஞ்சின் துருப்பிடித்து ஒரே கட்டியாக இறுகிப் போயிருந்தது. குர்ட் அப்போதுதான் அவர் மகள் டாராவைக் கல்யாணம் செய்திருந்தான். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணிரலாம் மாமா" என்று ஆரம்பித்தவன் அவன்தான்.

கல்யாணம் நிலைக்கவில்லை. விவாகரத்து முடிந்து டாரா அரிசோனா போனாள், வேறொருவரைக் கட்டிக்கொண்டாள். கராஜில் வண்டி பாதியில் கிடந்தது. இனி அவ்வளவுதான் என்று எல்வுட் நினைத்திருந்த ஒரு சனிக்கிழமைக் காலையில் குர்ட் ஸ்பானர் பெட்டியோடு வந்து நின்றான்.

"பிரேக் குழாய் பாதியில நிக்குதே மாமா."

எல்வுட் காபி ஊற்றிக் கொடுத்தார்.

அதன் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள். துருவைச் சுரண்டினார்கள், தகரம் வெட்டி ஒட்டினார்கள், கிடைக்காத பாகத்தைத் தேடி மூன்று மாநிலங்கள் சுற்றினார்கள். எல்வுட்டின் மனைவி நோரீன் இறந்த வாரமும் குர்ட் வந்தான். அன்று இருவரும் பொழுது சாயும்வரை வண்டியின் ஒரு கதவையே தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் எல்வுட் தாக்குப்பிடித்ததே அந்தக் கதவால்தான்.

இன்று எஞ்சின் ஓடிவிட்டால் வேலை முடிந்தது. வேலை முடிந்த பிறகு, உறவு விட்டுப்போன மாமனார் வீட்டுக்கு எவன் வருவான்? 'சும்மா வந்துட்டுப் போப்பா' என்று கூப்பிடலாம்தான். ஆனால் அவருக்கு வாய் வராது. அந்தத் தெருவில் எந்த ஆம்பிளைக்கும் வராது. அங்கே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதென்றால், ஏதாவது ஒன்று ரிப்பேராகி இருக்க வேண்டும்.

அதனால்தான் காலையில், குர்ட் வருவதற்கு முன், எல்வுட் அந்தக் காரியத்தைச் செய்திருந்தார்.

எட்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தீப்பொறி கொண்டுபோக ஒரு ஸ்பார்க் பிளக் வயர். அதில் ஐந்தாவதும் ஏழாவதும் ஒட்டிக்கொண்டே ஓடும். பழகிய கைகளே குழம்பி மாற்றிச் சொருகிவிடும் இடம் அது. இரண்டையும் பிடுங்கி, ஒன்று இருந்த இடத்தில் மற்றதைச் சொருகினார். எது எது என்று சரிபார்க்கக்கூட இல்லை. போன வாரம் அவற்றைச் சொருகியது குர்ட். அவன் கைவேலை பிசகாது. இனி சாவியைத் திருப்பினால் எஞ்சின் இருமும், பட் பட்டென்று வெடிக்கும், அணைந்துவிடும். கோளாறைத் தேடவே இரண்டு மூன்று சனிக்கிழமை ஓடிவிடும். பிடிபட்டாலும் ஊரே செய்கிற தப்புதானே.

"சரி, நானே திருப்புறேன்" என்று எல்வுட் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். குர்ட் திறந்திருந்த எஞ்சின் பக்கம் போய் நின்றான்.

சாவியைத் திருப்பினார்.

இருமல் இல்லை, வெடிப்பு இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய ஓர் உறுமல் கராஜை நிறைத்துக்கொண்டு தெருவுக்குப் போனது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்கள் கிணுகிணுத்தன. கோப்பையில் இருந்த காபி நடுங்கியது. மெர்ல் நாற்காலியை விட்டு எழுந்து, தேசிய கீதம் கேட்டவர்போலத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"ஆத்தாடி!" என்றார். "இரு, இரு, அணைச்சுராதே! என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரேன்!" என்று ஓடினார்.

எல்வுட்டுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எலி குடியிருந்த அந்தத் துருக்கட்டியா இது? தப்பாக வயர் மாட்டிய எந்த எஞ்சினும் இப்படி ஓடி அவர் பார்த்ததில்லை. சர்ச்சில் பாதிரியார் அற்புதம் என்று ஆரம்பித்தாலே கொட்டாவி விடுகிறவர் அவர். இப்போது நோரீன்தான் மேலேயிருந்து ஏதோ செய்கிறாளோ என்றுகூடத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

குர்ட்டும் சிரிக்கவில்லை. பேயறைந்தவன்போல எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல நடந்து வந்து ஜன்னலில் குனிந்தான்.

"மாமா, இது எப்படி ஓடுது?"

எல்வுட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயரைப் பார்த்துவிட்டானோ?

"என்ன மாப்ளே கேள்வி இது? நாம செஞ்ச எஞ்சின். ஓடாம என்ன?"

"இல்ல மாமா, ஓடவே கூடாது." குர்ட் தலையைக் குனிந்துகொண்டான். "இன்னும் கொஞ்ச நாள் இங்க வந்துட்டுப் போலாமேன்னுதான்... போன வாரம் அஞ்சையும் ஏழையும் நான் வேணும்னே மாத்திச் சொருகிட்டுப் போனேன்."