மூன்றாவது ஆட்டம்

"பாரு, மறுபடியும் உறைஞ்சிட்டான். ஜெயிக்கிற நேரத்துல இவனுக்குக் கை நடுங்கிரும் லா," என்றான் ஹேமநாதன், கைபேசியைப் பக்கத்து இருக்கை விஜயனிடம் நீட்டிக் காட்டி.

மாசாயிலிருந்து பாசிர் கூடாங் போகும் தொழிற்சாலை பஸ். முக்கால்வாசிப் பேர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்க, ஹேமநாதன் மட்டும் போர்க்களத்தில் இருந்தான். ஆன்லைன் செஸ். ஆளுக்கு மூன்றே நிமிடம். ஜெயிக்க ஒன்று ராஜாவை மடக்கி மேட் வைக்கவேண்டும், இல்லை எதிராளியின் நேரம் தீரவேண்டும்.

அவனை லேசாக எடைபோடக் கூடாது. அடுப்பில் சோறு குழைவது தெரியாமல் செஸ் புதிர் போட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அப்படியும் அவனுடைய தரப்புள்ளி இரண்டு வருஷமாக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதிலேயே சண்டித்தனம் பண்ணியது. கடைசி இரண்டு மாதத்தில்தான் மளமளவென்று ஏறியது.

எல்லாம் 'குதிரைக்காரன்' புண்ணியம். அந்தப் பெயரில் ஒருவன் தினமும் காலையில் சவால் அனுப்புவான். மூன்று ஆட்டம் நடக்கும். முதல் இரண்டில் ஆளுக்கொரு வெற்றி. மூன்றாவதில் குதிரைக்காரன் ஜெயிக்கப் போகிற சமயம் பார்த்து அப்படியே நின்றுவிடுவான். காய் நகராது. நேரம் தீர்ந்துவிடும்.

"அம்புட்டான்!" என்று ஹேமநாதன் கத்துவான். அதில்தான் பாதி பஸ் விழிக்கும். இறங்கவும் நேரம் சரியாக இருக்கும்.

எப்படி முன்னேறினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இலவசப் பாடம் உண்டு. நாம் வேகமாக ஆடினால் போதும், எதிராளி பயத்திலேயே தோற்றுவிடுவான் என்பது அதன் சாரம். விஜயன் அதை இருபது தடவையாவது கேட்டிருப்பான்.

இன்றைய ஆட்டம் கொஞ்சம் விசேஷம். ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைகளுக்கு இடையே செஸ் போட்டி. இன்று சாயங்காலத்துக்குள் இரண்டாயிரம் புள்ளியைத் தொடுகிறவருக்குத்தான் அணியின் முதல் பலகையில் ஆடும் இடம் என்று விளையாட்டு மன்றச் செயலாளர் மனோகரன் சொல்லிவிட்டார். ஹேமநாதனிடம் இப்போது இருப்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. மூன்று வருஷமாக மாற்று ஆட்டக்காரன் என்ற பெயரில் அணிக்குத் தண்ணீர் போத்தல் தூக்கியவன் அவன்.

பஸ் தொழிற்சாலை வாசலில் நின்றிருந்தது. காவலர் சபாபதி ஏறி, வழக்கம்போல் ஒவ்வொருவரின் ஊழியர் அட்டையாகப் பார்க்க ஆரம்பித்தார். ஹேமநாதன் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு உள்ளே துழாவினான். அட்டை இல்லை. நேற்றுப் போட்ட சட்டையோடு வீட்டில் கிடந்தது.

"பரவால்ல தம்பி. எறங்கிப் போய் கார்டு ரூம்ல நில்லுங்க. இவங்களைப் பாத்துட்டு வந்து கையெழுத்து வாங்கிக்கிறேன்," என்றார் சபாபதி.

காவலர் அறை மேசையில் பதிவுப் புத்தகம் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கைபேசி. திரையில் செஸ் பலகை. கறுப்புக்கு இரண்டே நகர்த்தலில் மேட். வெள்ளைக் காய்களுக்கு மேலே, தைப்பூசத்தன்று வேட்டி கட்டி எடுத்துக்கொண்ட ஹேமநாதனின் படம்.

கறுப்பின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி, ஐம்பத்தேழு.

ஹேமநாதன் கண்ணாடி வழியாக பஸ்ஸைப் பார்த்தான். சபாபதி குனிந்து குனிந்து அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எதற்கும் பயப்படவில்லை. பஸ் வந்ததும் அந்த மனிதர் ஜெயிக்கிற ஆட்டத்தைப் போட்டது போட்டபடி எழுந்து போயிருக்கிறார். முடித்துவிட்டுப் போகலாம் என்று அவர் உட்கார்ந்திருந்தால் முப்பது பேருக்கு வேலைக்குத் தாமதம் விழும்.

அவனுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. விஜயனுக்கு எடுத்த பாடம் மொத்தமும் நினைவுக்கு வந்தது.

சபாபதி தடுப்பைத் தூக்கி பஸ்ஸை உள்ளே அனுப்பிவிட்டு வந்தார். இருபத்து நாலு விநாடி மிச்சம். அவர் கைபேசியைத் தொடவில்லை. ஆள் நிற்கும்போது ஆளைத்தானே கவனிக்கவேண்டும். புத்தகத்தைத் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினார்.

பேரைக் கிறுக்கிவிட்டு நகர்ந்தால் ஐந்து விநாடி. மிச்ச நேரத்தில் சபாபதி இரண்டு காய் நகர்த்தி மேட் வைத்துவிடுவார். ஹேமநாதனுக்கு மறுபடியும் தண்ணீர் போத்தல்தான்.

மின்னல் வேக ஆட்டக்காரன் ஹேமநாதன், எழுத ஆரம்பித்தான்.

பேரை அழகாக எழுதினான். அப்பா பேரையும் சேர்த்துக்கொண்டான். காரணம் என்ற கட்டத்தில், அட்டையை மறந்த கதையை மலாயில் ஒரு முழு வாக்கியமாக எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்தான்.

அவனுடைய சட்டைப் பைக்குள் 'டிங்' என்றது.

சபாபதி தன் கைபேசியைப் பார்த்தார். பிறகு அவன் சட்டைப் பையைப் பார்த்தார்.

"ரெண்டாயிரத்து நாலு. வாழ்த்துகள் தம்பி."

ஹேமநாதனுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று புத்தகத்தைப் பார்த்தே கேட்டான்.

"மொத வாரத்துலேருந்து. நான் பஸ்ஸுல ஏறி நின்னு அட்டை பாத்துக்கிட்டிருப்பேன். நீங்க என் மூஞ்சிக்கு முன்னாடியே அம்புட்டான்னு கத்துவீங்க. திரும்பி வந்து பாத்தா, எனக்கு நேரம் முடிஞ்சிருக்கும்."

"அப்ப ஏண்ணே ஒரு வார்த்தை சொல்லல?"

சபாபதி பேனாவை வாங்கி மூடி வைத்தார்.

"சொன்னா நீங்க வெக்கப்பட்டு நிறுத்திருவீங்க. ராத்திரி பூரா இந்த ரூம்ல தனியா உக்காந்திருக்கேன். அப்புறம் காலையில எங்கூட விளையாட யாரு தம்பி இருக்கா?"