நாற்பது நாள் தாடி

“தாடியை எடு. இல்லேன்னா வீட்டுக்குப் போ.”

பயிற்சி கொடுக்கும் ஸோர்கா மேடம் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் ராடோயேவும் பதிலுக்குக் கத்தி ஆற்றிக்கொண்டிருப்பான்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை பிரிக்கிறவர்களுக்கும், ஈயம் கலந்த பெயிண்டைச் சுரண்டுகிறவர்களுக்கும் வேலை அனுமதி கார்டு புதுப்பிக்கும் பயிற்சி அது. காலையில் வகுப்பு, அப்புறம் பரீட்சை, கடைசியில் முகமூடிச் சோதனை. முகமூடியை மாட்டிவிட்டு, தலையில் ஒரு பெரிய உறையைக் கவிழ்த்து, உள்ளே கசப்புத் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். நாக்கு கசந்தால், முகமூடி ஓரத்தில் காற்று நுழைகிறது, வேலையில் நச்சுத் தூசியும் நுழையும் என்று அர்த்தம். தாடி இருந்தால் எப்படியும் நுழையும். அதனால் தாடிக்காரனுக்குச் சோதனையே கிடையாது.

பரீட்சையில் ராடோயேதான் முதல் மார்க். அது போதாதாம்.

“என்னப்பா, சினிமாவுல சாமியார் வேஷமா?” என்றான் வேறு கம்பெனிக்காரன் ஒருவன்.

“வாயை மூடுடா!” ராடோயேவின் மேஸ்திரி மிலேடா பாய்ந்தார். “அவங்கப்பாவைப் புதைச்ச மண்ணு இன்னும் காயல.”

கேலி பண்ணியவன் எழுந்து வந்து ராடோயேவின் தோளைத் தொட்டு மன்னிப்புக் கேட்டான். அப்பன் செத்து நாற்பதாம் நாள் தாண்டுவதற்குள் ரேசரைத் தொட்ட மகனை அந்த ஊர் மனுஷனாகவே மதிக்காது.

ராடோயேவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கார்டு இன்றோடு முடிகிறது. திங்கட்கிழமை பள்ளிக்கூடக் கூரை வேலை ஆரம்பம், கார்டு இல்லாதவன் ஏணியில் கால் வைக்க முடியாது. குளிர்காலம் பூராவும் அப்பாவின் கட்டிலடியிலேயே கிடந்ததில் ஏற்கெனவே ஒரு வேலை போய்விட்டது. இதுவும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

“மேடம், ஒரு கையெழுத்துதானே?” மிலேடா கெஞ்சினார். “நாற்பது முடியட்டும், நானே இவனை இழுத்துட்டு வந்து உங்க முன்னாடி நிறுத்துறேன். அவங்கப்பன் காலத்துலேருந்து எனக்குத் தெரிஞ்ச குடும்பம்.”

“போடுங்க மேடம், பாவம்,” என்றது கூட்டம்.

“சாவுக்கு நானும் வருத்தப்படுறேன்,” என்றாள் ஸோர்கா. “தாடியோட கையெழுத்து கிடையாது. ஆபீஸ் மதியத்தோட மூடிடும். கழுவுற இடத்துல புது ரேசர் இருக்கு.”

“உங்களுக்கெல்லாம் அப்பா இருந்தாரா இல்லையா?” ராடோயே வெடித்தான்.

“இருந்தாரு.”

அவ்வளவுதான் பதில். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ அவள் காதில் விழும்படியே முணுமுணுத்தார்கள்.

ராடோயே வெளியே போனான். சிகரெட்டைப் பற்றவைத்து இரண்டு இழுப்பில் மிதித்தான். உள்ளே வந்தான். கழுவுமிடத்துக்குப் போய் ரேசரை எடுத்தான், கன்னம்வரை கொண்டுபோனான், வைத்துவிட்டான். வழித்த முகத்தோடு அம்மா எதிரில் எப்படிப் போய் நிற்பது? மறுபடி எடுத்தான். மறுபடி வைத்தான்.

மிலேடாவுக்குப் பொறுக்கவில்லை. போனை எடுத்தார்.

“ஸ்டானா தங்கச்சி, கொஞ்சம் உடனே வாம்மா. உன் பையனைத் தாடி எடுக்கச் சொல்றா ஒருத்தி. வந்து நாலு வார்த்தை நறுக்குன்னு கேளு!”

நாலு தெரு தள்ளித்தான் வீடு. தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுத்தி ஸ்டானா வந்தாள். கூட்டம் தானாக வழி விட்டது. இன்றைக்கு இந்த மேடம் தீர்ந்தாள் என்று எல்லோரும் நினைத்தார்கள், நினைப்பில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

“நீங்கதான் முடியாதுன்னு சொன்னவங்களா?”

“ஆமாம்மா,” என்றாள் ஸோர்கா. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டாள்.

“ரேசர் எங்க இருக்கு?”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஸோர்கா கையைக் காட்டினாள். ஸ்டானா மகனை அங்கே இழுத்துப் போய் ஸ்டூலில் உட்காரவைத்தாள். பின்னாலேயே மிலேடா ஓடினார்.

“என்ன தங்கச்சி இது? ஊர் என்ன பேசும்?”

“அம்மா, வேணாம்மா. அப்பாவுக்கு நாற்பது...”

“ஆடாம உக்காரு. வெட்டிடும்.”

சோப்பைக் குழைத்துத் தடவி முதல் பட்டையை வழித்தாள். ராடோயேவின் கண்ணீரும் சோப்பு நுரையோடு சேர்ந்து ஓடியது.

“உங்க தாத்தா செத்தப்போ உங்கப்பாவும் இப்படித்தாண்டா தாடியோட போய் நின்னாரு. அவருக்கும் கார்டு முடியற நாள். அன்னைக்கு அங்க இருந்த ஆபீசர் இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாரு. அந்த நாற்பது நாளும் பேருக்கு ஒரு முகமூடியை மாட்டிக்கிட்டு மில்லுக் கூரையைப் பிரிச்சாரு. அந்தத் தூசிதான் அவரைக் கொண்டுபோச்சு.”

ரேசர் சரசரவென்று இறங்கியது.

“சோதனை பண்ணாமலா கொடுத்தாங்க?” என்றான் ராடோயே. “யாரும்மா கேட்டு வாங்கிக் கொடுத்தது?”

அம்மா தலை நிமிரவில்லை. குரலில் கோபமும் இல்லை.

“நம்ம மிலேடா அண்ணன்தான். ரொம்ப நல்ல மனுஷன்.”