வெற்றுச் சுவருக்கு ஒரு படம்

"அக்கா, இங்கே ஓடி வா! இதைப் பாரேன், பத்திக்கிட்டு எரியுது!"

தங்கை கூவிய கூவலில், சட்டத்துக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்த படக்கடைக்காரர் பதறிப்போய் நிமிர்ந்தார். எரிந்தது கடையன்று, சுவரில் மாட்டியிருந்த ஓர் அச்சுப்படம் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டார்.

அக்கா உண்மையாகவே ஓடினாள். சொந்த வீட்டுக்குக் குடிபுகுந்த நாள்முதல், கூடத்தின் வெற்றுச் சுவர் அவளை உறங்கவிடவில்லை. ஆணியை முதல் நாளே அடித்துவிட்டாள்; படந்தான் இன்னும் அகப்படவில்லை.

ஆளுயரப் படம். பச்சைப் பரப்பின்மேல் யாரோ வாளி வாளியாகச் சிவப்பை வீசியடித்ததுபோல் இருந்தது.

"உருவம் எதையும் தேடாதீங்கம்மா," என்றார் கடைக்காரர். "இது அரூப ஓவியம். வரைஞ்சவரோட கோபம், குதூகலம் எல்லாம் அப்படியே கொட்டிக் கிடக்கும். பார்த்ததும் நெஞ்சு திக்குங்குதா? அவ்வளவுதான் விஷயம்."

"திக்குதிக்குங்குதுங்க!" என்றாள் அக்கா. "பச்சைமேல உட்கார்ந்ததாலதான் இந்தச் சிவப்பு இப்படித் துள்ளுது. வேற எதுமேல வெச்சாலும் அடங்கிப் போயிடும்."

சொல்வதற்கு அவளுக்குத் தகுதி இருந்தது. பெயின்ட் கடையில், வாடிக்கையாளர் கேட்கும் நிறத்தைக் கலந்து கொடுப்பதே அவள் வேலை.

"இதையே கட்டி..." என்று அவள் தொடங்குவதற்கும், பின்னால் வந்த அவள் கணவர் படத்தின்முன் நிற்பதற்கும் சரியாக இருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அமைதியா இருக்கு."

"அமைதியா? ஊரே தீப்பிடிச்ச மாதிரி இருக்கு அத்தான்! கேலி பண்றீங்களா?"

"எனக்கென்னம்மா தெரியும் இதெல்லாம்? உங்க அக்காவுக்குப் பிடிச்சாச் சரி." சிரித்தபடி அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டார்.

"பார்த்தியா, பட்டும் படாமலும் பேசிட்டுப் போறதை!" என்று தங்கை முணுமுணுத்தாள்.

அக்கா, தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவில்லை.

அப்போது அடுத்த வரிசையிலிருந்து கணவரின் குரல் கிளம்பியது. "ஏய், இங்கே வாயேன்! சீக்கிரம்!"

வெள்ளைப் பரப்பில், துடைப்பத்தால் இழுத்தாற்போன்ற கறுப்புப் பட்டைகள். அவர் இரண்டு கைகளையும் வீசி விளக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கோட்டைப் பாரு, எங்கிருந்தோ தலைதெறிக்க ஓடி வருது. இங்கே தடுக்குது. விழுந்துடும்னு நினைக்கிறோம், விழலையே! இந்தத் தடியனைத் தாண்டி ஒரே குதி! அட, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பார்க்கலாம் போலிருக்கே!"

"சார் படத்துக்குள்ளேயே போயிட்டாரு," என்றார் கடைக்காரர்.

"இதையே கட்டிக் கொடுங்க," என்றாள் அக்கா.

தங்கை அவளது முழங்கையைப் பற்றி, எரிகிற படத்தின் அருகே இழுத்து வந்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? பொழுதன்னைக்கும் ஊரார் வீட்டுக்கெல்லாம் நிறம் கலக்கிக் கொடுக்குறே. உன் வீட்டுக்குக் கறுப்பும் வெள்ளையுமா? அவர் கை காட்டினா நீ தலையாட்டிடணுமா? அந்த வீட்டுல உன் ஆசையை மாட்ட ஓர் ஆணிகூட இல்லையா?"

"மெதுவா பேசுடி." அக்காவின் விரல் அந்தச் சிவப்பின் ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தது. "அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். பிறவியிலேயே அப்படி. வெளியே சொன்னா, இது என்ன நிறம், அது என்ன நிறம்னு ஆளாளுக்குக் கேட்டே சாகடிச்சிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்றதில்லை."

தங்கை படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சொன்ன அமைதி அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

"அதுக்காக நீ ஏன்க்கா..."

"தினமும் நாங்க ரெண்டு பேரும் பார்க்கப் போற சுவருடி அது!" அக்காவின் கால்கள் அதற்குள் அடுத்த வரிசையை நோக்கித் திரும்பிவிட்டன. "நான் பார்க்குற அதே படத்தை அவரும் பார்க்குறது, இந்தக் கடையிலேயே அது ஒண்ணுதான்."